சிமெண்டு வாசல்ல கருப்பு ஜெல்லி: வெயில் கூடுனா நல்லா வளரணும்தானே?

14 பிப்ரவரி 2024, கேள்வி

வீடு மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல தாமான் வீடு, வரிசையா கட்டுன குடியிருப்பு. வாசல் சிமெண்டு தரையில மழை பெஞ்சா கரும்பச்சையா ஜெல்லி மாதிரி ஒண்ணு உப்பி நிக்குது, காய்ஞ்சா கருவாட்டுத் தோல் மாதிரி ஒட்டிக்குது. இது வெளிச்சத்த வெச்சு சாப்பாடு செய்யுற சாதின்னு மகன் சொல்றான். அப்போ வெயில் கூடக் கூட நல்லா வளரணும்தானே, எதுக்கு வெயில் வந்ததும் செத்துப் போகுது? இன்னொண்ணு, வீட்டுக்குப் பின்னால செம்பனை (எண்ணெய்ப்பனை) மண்ணுல இது ஒரு துண்டுகூட இல்ல. சிமெண்டுல அப்படி என்ன சத்து இருக்கு?

14 பிப்ரவரி, ராத்திரி 9.40, பதில்

சாகல, தூங்குது. அடுத்த மழைக்கு அதே தோல் அதே இடத்துல உப்புறத பாருங்க. புதுசா முளைக்கிறதுன்னா ஒரு மணி நேரத்துல கையளவு ஆகுமா? பேரு நாஸ்டாக். நீலப்பச்சைப் பாசின்னு புத்தகத்துல போட்டிருக்கும், ஆனா பாசி இல்ல, பாக்டீரியா, சயனோபாக்டீரியா. செடி மாதிரியே தண்ணிய உடைச்சு ஆக்சிஜன் விடும். மாதிரின்னு சொல்றதுகூட தப்பு, இலைக்குள்ள பச்சையா இருக்குற அந்தச் சின்னப் பொட்டலமே ஒரு காலத்துல இந்தக் குடும்பத்துலேர்ந்து உள்ள போய் தங்குனதுதான்.

நான் பெருசா படிச்சவன் இல்ல. செம்பனை நர்சரியில ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர், 19 வருஷமா பாலிபேக் (கன்னு வளர்க்குற பிளாஸ்டிக் பை) மேல படியுற பாசியோட சண்டை போட்டுப் போட்டு, எதிரிய பத்தி தெரிஞ்சுக்கலாமேன்னு தேடிப் படிச்சது.

கருப்பா இருக்குறது பச்சையம் நெறைய இருக்குறதால. அதனால வெயில நல்லா இழுக்கும்.

15 பிப்ரவரி, காலை 6.10

நேத்து கடைசி வரிய அழிச்சுடுங்க. தூக்கம் வராம யோசிச்சேன், தப்பு.

கருப்பு வெயில இழுக்க இல்ல, தடுக்க. ஸ்கைட்டோனெமின்னு ஒரு நிறமி, மஞ்சளும் பழுப்புமா இருக்கும், அடர்த்தியானா கருப்பாத் தெரியும். செல்லுக்கு உள்ள இல்ல, வெளிய சுத்தியிருக்குற கொழகொழப்பு உறையில படிஞ்சிருக்கும், யூவி (புற ஊதா) வெளிச்சத்த அங்கயே முழுங்கிடும். இத முதல்ல கவனிச்சது 1849ல நேகெலின்னு ஒருத்தர், அதோட வேதியியல் கட்டமைப்பு தெரிய 1993 வரைக்கும் ஆச்சு. இதுல கெட்டிக்காரத்தனம் என்னன்னா, ஒரு தடவை செஞ்சு பூசிக்கிட்டா போதும், ஜெல்லி காய்ஞ்சு மயங்கிக் கெடந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். நம்ம ஆளுங்க மருந்தடிக்கப் போறப்ப தலையில துண்டு கட்டி, கைக்கு பழைய காலுறை மாட்டிக்கிட்டுப் போவாங்களே, அதே கதை.

அப்போ உங்க முதல் கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்கு. வெயில் அதுக்கு சாப்பாடும்தான், அடியும்தான்.

15 பிப்ரவரி, மதியம்

பிரேக்ல டைப் பண்றேன். அடின்னு சும்மா சொல்லல. வெளிச்சத்த வாங்கி தண்ணிய உடைக்கிற மெஷின்ல டி1னு ஒரு புரதம் இருக்கு, வெளிச்சம் படப் பட அது கெட்டுக்கிட்டே இருக்கும், செல் புதுசு புதுசா செஞ்சு மாத்திக்கிட்டே இருக்கும். மாத்துற வேகத்த விட கெடுற வேகம் கூடுனா ஒளிச்சேர்க்கை இறங்கிடும். நம்ம ஊரு 12 மணி வெயில்ல ஈரமா கெடக்குறது அதுக்கு ஆபத்தான நேரம். முழுசா காய்ஞ்சுட்டா பரவால்ல, வாங்குற வெளிச்சத்த சூடா மாத்தி வெளிய விட்டுட்டு சும்மா கெடக்கும். பாதி ஈரம், முழு வெயில், அதுதான் மோசம்.

16 பிப்ரவரி

காத்துல இவ்வளவு ஈரப்பசை இருக்கே, நம்ம ஊருல எப்பவும் ஈரமாத்தானே இருக்கும்னு கோலகங்சார் அக்கா கேட்டிருக்காங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்கா. லைக்கன்னு பூஞ்சையோட கூட்டு சேர்ந்து வாழுற ஒண்ணு இருக்கு, அதுல பச்சைப் பாசி கூட்டு சேர்ந்தது காத்து ஈரத்தையே குடிச்சு வேலைய ஆரம்பிச்சுடும், ஆனா சயனோபாக்டீரியா கூட்டு சேர்ந்தது அப்படி இல்ல, சொட்டுத் தண்ணி வேணும். ஓட்டோ லாங்கேன்னு ஒரு ஜெர்மன்காரர் 1980கள்லயே அளந்து காட்டுனது. வாசல்ல இருக்குறதும் அதே ஜாதிதான், மழையோ, பனியோ, உங்க வீட்டுல கார் கழுவுற தண்ணியோ, ஏதாவது ஒண்ணு தொடணும்.

18 பிப்ரவரி, ஞாயிறு, கொஞ்சம் நீளம்

இத எழுதணும்னு ரெண்டு நாளா மனசுல ஓடுது.

வெளிச்சம் எவ்வளவுங்கறத விட, வெளிச்சமும் ஈரமும் ஒண்ணா எத்தனை மணி நேரம் இருக்குங்கறதுதான் கணக்கு. வெளிச்சம் இருக்கும்போது காய்ஞ்சு கெடந்தா வரவும் இல்ல செலவும் இல்ல. ஈரமா இருந்து வெளிச்சம் இல்லாட்டி செலவு மட்டும், ஏன்னா மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும், சேத்து வெச்ச சர்க்கரைய எரிச்சுக்கிட்டே இருக்கும். நம்ம ஊரு மாதிரி ராத்திரியும் புழுங்குற எடத்துல இந்தச் செலவு இன்னும் கூட, சூடு ஏற ஏற மூச்சும் ஏறும்.

இப்ப மழைய நேரம் வாரியா பாருங்க. சாயங்காலம் 6 மணிக்கு இடி மின்னலோட ஊத்துதுன்னு வைங்க. உப்பி எந்திரிக்கும், உடைஞ்சத ரிப்பேர் பண்ணும், பொழுது இறங்கிடும், ராத்திரி பூரா செலவு, காலையில 9 மணிக்கு சிமெண்டு சுட ஆரம்பிச்சதும் காய்ஞ்சிடும். சம்பளம் வர்றதுக்கு முன்னாலயே கடை பாக்கி கட்டுன மாதிரி. மதியம் 2 மணிக்கு அஞ்சு நிமிஷ தூறல், அது இன்னும் மோசம், எந்திரிக்கிற செலவுக்குக்கூட தேறாது.

எது நல்ல மழைன்னா விடியக்கால மழை. 5 மணிக்கு ஆரம்பிச்சு, அப்புறம் பகல் பூரா மூடிக்கிட்டு சில்லுன்னு இருக்கும் பாருங்க, அந்த நாள். வெளிச்சம் மட்டா, ஈரம் நின்னு, சூடு கம்மியா, பத்து மணி நேரம் வரவு.

இதுல எனக்கு என்னன்னா, எங்க அம்மா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு. விடியக்கால மழை வந்தா பட்டை நனைஞ்சிடும், பால் வடியுற மங்குல தண்ணி, வெட்ட முடியாது. ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்களத்துல நின்னுட்டு திரும்பி வருவாங்க, அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல. வீட்டுல யாரும் பேச மாட்டாங்க, நாங்க புள்ளைங்க மட்டும் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்ல அந்த ஜெல்லிய குச்சியால நோண்டிக்கிட்டு இருப்போம், தவளை எச்சில்னு அதுக்குப் பேரு வெச்சிருந்தோம். எங்க வீட்டுல அடுப்பு மெதுவா எரிஞ்ச நாள்லதான் அதுக்கு விருந்துன்னு இப்பத்தான் புரியுது.

18 பிப்ரவரி, ராத்திரி

மூச்சு மூச்சுன்னு எழுதுறீங்களே, பாக்டீரியாவுக்கு மூக்கு எங்கன்னு ஒரு தம்பி கேட்டிருக்கான். நாளைக்கு வேலை இருக்கு தம்பி.

20 பிப்ரவரி

எந்திரிக்க எவ்வளவு நேரம்னு கேட்டதுக்கு: மூச்சு முதல்ல வரும், அரை மணி நேரத்துக்குள்ள. அடுத்து ஒளிச்சேர்க்கை, சில மணி நேரம். கடைசியா காத்துலேர்ந்து நைட்ரஜன் புடிக்கிற வேலை, அதுக்கு அஞ்சாறு நாள்.

21 பிப்ரவரி

நேத்து சொன்னது வருஷக் கணக்கா காய்ஞ்சு கெடந்த நாஸ்டாக்குக்கு. முந்தாநாள் காய்ஞ்சு இன்னைக்கு நனைஞ்சதுன்னா நிமிஷக் கணக்குலயே ஒளிச்சேர்க்கை ஆரம்பிச்சுடும். நம்ம வாசல் கேஸ் பெரும்பாலும் இந்த ரெண்டாவது. ஆக ஞாயித்துக்கிழமை நான் எழுதுன "அஞ்சு நிமிஷ தூறல் மோசம்" கொஞ்சம் கூடப் போயிடுச்சு, ரொம்ப நாள் வறட்சிக்கு அப்புறம் வர்ற தூறல்தான் மோசம். விடியக்கால மழை விஷயத்துல நான் மாறல.

எவ்வளவு காலம் தாங்கும்னா, ஏட்டுல ஒட்டிக் காய வெச்சிருந்த நாஸ்டாக் 107 வருஷத்துக்கு அப்புறம் தண்ணி பட்டு வளர்ந்ததா 1962ல எழுதி வெச்சிருக்காங்க. ட்ரெஹலோஸ்னு ஒரு சர்க்கரை, தண்ணி போன எடத்துல உக்காந்து செல்லோட சவ்வ ஒட்டிக்காம புடிச்சுக்குது. கூட அந்தக் கொழகொழப்பும்.

24 பிப்ரவரி

மண்ணுக்கு வருவோம், ரெண்டாவது கேள்விய மறந்துட்டு எங்கயோ போயிட்டேன்.

சிமெண்டுல சத்து இல்ல, சுண்ணாம்பு இருக்கு. இந்தச் சாதிக்கு புளிப்பு ஆகாது. தாமஸ் பிராக்னு ஒரு விஞ்ஞானி 1973ல எழுதுனாரு, பிஎச் (புளிப்பு காரம் அளக்குற எண்ணு, 7க்குக் கீழ புளிப்பு) 4க்குக் கீழ நீலப்பச்சைப் பாசி இல்லவே இல்ல, 4க்கும் 5க்கும் நடுவுல அபூர்வம்னு. நம்ம மலைப்பக்கத் தோட்ட மண்ணு 4லேர்ந்து 5க்குள்ளதான் நிக்கும், மழை கழுவிக் கழுவி சுண்ணாம்பு மக்னீசியம் எல்லாம் போய் அலுமினியமும் இரும்பும்தான் மிச்சம். நர்சரி ஆபீஸ்ல மண்ணு பார்க்குற டெஸ்ட் கிட் இருக்கு, கணக்கு எழுதுற கிராணிகிட்ட சொல்லிட்டு எடுத்துட்டு வந்தேன். எங்க வீட்டு சிமெண்டு ஓரத்துல கூட்டுன தூசி 8. பின்னால செம்பனை அடிமண்ணு 4.5. ரெண்டுக்கும் நடுவுல இருபது அடி தூரம்தான்.

புது சிமெண்டுல ஏன் வரலன்னும் கேட்டாங்க. புதுசு 12க்கு மேல காட்டும், அது இதுக்கும் காரம். காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு வருஷம் போகப் போகத்தான் இறங்கும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போனவங்க தலைய தூக்கிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். கோயிலுக்குப் பின்னால நிக்குற குனோங் சீரோ சுண்ணாம்புப் பாறையில மேலேர்ந்து கீழ மை கொட்டுன மாதிரி கருப்புக் கோடு கோடா இறங்கும், தண்ணி வழியுற தடம். கிந்தா பள்ளத்தாக்குல மத்த சுண்ணாம்பு மலைங்கள்லயும் இது உண்டு. அதுல பெரும்பங்கு இந்தக் குடும்பம்தான். நான் வருஷா வருஷம் அத சாம்பிராணிப் புகைன்னு நெனச்சிருந்தேன். அவ்வளவு உயரத்துக்கு யாரு சாம்பிராணி போட்டான்னு ஒரு நாள்கூட யோசிக்கல.

25 பிப்ரவரி

ரப்பர் மரப் பட்டையில செங்கல் கலர்ல படியுதே அதுவும் இதுதானேன்னா, இல்ல. அது ட்ரென்டிபோலியா. பேரு வாய்ல நுழையாது. பச்சைப் பாசி வகைதான், கேரட்டுல இருக்குற மாதிரி நிறமி பச்சைய மறைச்சிடுது. நெஜமாவே பாசின்னு சொல்ல வேண்டியது அதத்தான்.

2 மார்ச்

நேத்து ஒரு அண்ணன் கோவமா எழுதியிருக்காரு: பிஎச் பிஎச்னு சொல்றீங்க, புளிப்பக் கொறைக்க டோலமைட் சுண்ணாம்பு போட்ட தோட்டத்து பிளாக்லயும் இது இல்ல, அதுக்கு என்ன பதில்?

நியாயம்ண்ணே. நான் ஒரே காரணத்த புடிச்சுத் தொங்குனேன். மண்ணு மேல மட்டை அடுக்கு, இலைக் குப்பை, அதுக்குக் கீழ வெளிச்சம் இல்ல. மண்ணுக்குள்ள வெளிச்சம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும், அதுலயே நெறம் பிரிஞ்சிடும், நீலம் மேலயே நின்னுடும், சிவப்புக்கும் அந்தாண்ட இருக்குற கண்ணுக்குத் தெரியாத சிவப்பு கொஞ்சம் ஆழம் போகும். செம்பனை நிழலுக்குக் கீழயும் அதே கதி, இலை சிவப்பத் தின்னுட்டு அந்தத் தூரச் சிவப்ப கீழ தள்ளிடும்.

அதையும் சாப்பிடுற ஆளு இருக்கு. 2010ல ஆஸ்திரேலியா ஷார்க் பேல பாசி அடுக்கடுக்கா படிஞ்சு கல்லானதுலேர்ந்து குளோரோஃபில் எஃப்னு புதுப் பச்சையம் கண்டுபுடிச்சாங்க, தூரச் சிவப்புல வேலை செய்யும். அப்புறம் பார்த்தா மண்ணுல வாழுற சயனோபாக்டீரியா பலதுலயும் அந்த ஏற்பாடு இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் இல்ல, இருக்குறதும் நல்ல வெளிச்சத்துல அத வெளிய எடுக்காது. மிச்சம் மீதி சாப்பிடுற நெலம வந்தாத்தான் அந்தத் தட்டு.

அடுத்த காரணம் மருந்து. அத தனியா எழுதுறேன்.

3 மார்ச்

புல் மருந்துல பல வகை ஒளிச்சேர்க்கையத்தான் அடிக்குது. டையூரான் மாதிரி இருக்குறது நான் முன்னால சொன்ன அந்த டி1 புரதத்துல போய் உக்காந்துக்கிட்டு எலக்ட்ரான் போற வழிய அடைச்சிடும். பராகுவாட் வேற மாதிரி, அடுத்த மெஷின்ல இருந்து எலக்ட்ரான திருடி ஆக்சிஜன் தலையில கட்டி விஷமாக்கும், அதனாலதான் வெயில்ல அடிச்சா சீக்கிரம் கருகுது. இதுக்கு புல்லு, பாசின்னு பேதம் தெரியாது. வட்டத்துக்கு வட்டம் மருந்தடிச்ச மண்ணுல மேல்தோலு கட்டுறதுக்கு எங்க நேரம்?

மலேசியாவுல பராகுவாட்ட 1 ஜனவரி 2020லேர்ந்து தடை பண்ணிட்டாங்க. அம்மா பால்வெட்டு முடிஞ்ச வயசுல அத முதுகுல பம்பு மாட்டி அடிச்சவங்க. கை நகம் மஞ்சளாகி, வெள்ளையாகி, ரெண்டு விழுந்தே போச்சு. கையுறை குடுத்தாங்களான்னு கேட்காதீங்க. எந்தத் தோட்டம்னும் கேட்காதீங்க, அது இப்ப வீட்டு மனையா ஆயிடுச்சு.

9 மார்ச்

நர்சரி பத்தி கேட்டவங்களுக்கு. பாலிபேக்ல ரெண்டு வேளை தண்ணி, 12:12:17:2 உரம், மேல பச்சைத் தோலு கட்டும், காய்ஞ்சா பப்படம் மாதிரி சுருளும், தண்ணி உள்ள இறங்காம ஓரமா வழிஞ்சு போகும். பொம்பளை ஆளுங்க கையாலயே கிளறி விடுவாங்க. இல்லன்னா செம்பனைக் கொட்டை ஓடு பரப்பிடுவோம், வெளிச்சம் போயிடும், கதை முடிஞ்சிடும். இதுல பச்சைப் பாசி, சயனோ, பாசிச்செடி எல்லாம் கலந்து கெடக்கும்.

நைட்ரஜன் புடிச்சு கன்னுக்குக் குடுக்குமேன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. வயல்ல அது உண்மை, பி.கே. டேன்னு ஒரு விஞ்ஞானி 1939லயே வயல் பாசி பத்தி எழுதிட்டாரு, பாகான் செராய் பக்கம் தண்ணி நிக்குற வயல்ல அதுக்கு அர்த்தம் இருக்கு. பாலிபேக்ல நாமளே உரத்த கொட்டுறோம். சும்மா கெடைக்கும்போது அது எதுக்கு உழைக்கணும்? நைட்ரஜன் புடிக்கிற செல்லுங்க ஆக்சிஜன் ஆகாதுன்னு தண்ணி உடைக்கிற மெஷினையே கழட்டி வெச்சிட்டு பக்கத்து செல்லு குடுக்குற சர்க்கரையில வாழுதுங்க. உரம் இருந்தா அந்த மாதிரி செல்லையே செய்யாது.

10 மார்ச்

தண்ணி ரெண்டு வேளைன்னா விருந்துதானேன்னு கேட்டதுக்கு: தண்ணி கூடிப் போனாலும் கஷ்டம். கார்பன் டை ஆக்சைடு காத்துல நகர்ற வேகத்த விட தண்ணியில 10,000 மடங்கு மெதுவாத்தான் நகரும். மேல தண்ணி படலம் நின்னா உள்ள பசி. அதுக்கும் வித்தை வெச்சிருக்கு, தண்ணியில கரைஞ்ச பைகார்பனேட்ட பம்பு பண்ணி உள்ள இழுத்து சின்ன டப்பாவுல சேத்து வெச்சுக்கும். ஆனா புளிச்ச தண்ணியில பைகார்பனேட்டே இருக்காது. பார்த்தீங்களா, பிஎச் திரும்பி வந்துடுச்சு, அண்ணன் மன்னிக்கணும்.

16 மார்ச்

ஒளிச்சேர்க்கை எவ்வளவு நல்லா நடக்குதுன்னு காட்டுற மீட்டர் வெச்சு இந்த ஜெல்லிய அளந்தேன், 0.4தான் காட்டுது, நோயான்னு ஒரு காலேஜ் தங்கச்சி கேட்டிருக்கு. இல்லம்மா. இலையில 0.8 வர்றது நல்லதுன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க, இதுக்கு அந்தக் கோல் சரிப்படாது. இதுல வெளிச்சம் புடிக்கிற நீல நிறமியே தனியா ஒளிரும், அது அடிப்படை எண்ண ஏத்திடும், ரீடிங் கம்மியாத்தான் வரும். அதே பாசிய அதோடயே ஒப்பிட்டுப் பாரு, இலையோட ஒப்பிடாத.

அந்த நீலத்த பார்க்கணும்னா ஜெல்லிய கொஞ்சம் தண்ணியோட ஃப்ரீசர்ல வெச்சு எடுத்து எளக்குங்க, ரெண்டு மூணு தடவை. தண்ணி லேசா நீலமாகும். டப்பாவுல பேரு எழுதி வைங்க. நான் எழுதல, எங்க வீட்டுல அத ஐஸ்கட்டின்னு நெனச்சு மைலோவுல போடப் போனாங்க.

6 ஏப்ரல்

ஒரு பரிசோதனை. 2011ல எங்க லயத்த இடிக்கிறதுக்கு முந்தின வாரம், மாரியம்மன் கோயில் படிக்கட்டு சிமெண்டுலேர்ந்து காய்ஞ்ச தோலு ஒண்ண உரிச்சு பிஸ்கட் டின்ல போட்டு வெச்சேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது, மத்தவங்க செங்கல்லு எடுத்தாங்க. 13 வருஷமா ஸ்டோர்ல கெடந்தது. நேத்து நனைச்சேன். ஒரு மணி நேரத்துல உப்பிடுச்சு, அதே கரும்பச்சை.

துள்ளிக் குதிச்சேன். அப்புறம்தான் உறைச்சது, செத்ததும் உப்பும். உப்புறது அந்தக் கொழகொழப்பு, சவ்வரிசி மாதிரி, அதுக்கு உயிர் வேணாம்.

7 ஏப்ரல்

அதனால ரெண்டு பாட்டில். ரெண்டுலயும் கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி, ஒரு சிட்டிகை சோடா மாவு, பாதிப் பாதித் தோலு. ஒண்ணு ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத பக்கம். இன்னொண்ணு அலுமினியத் தாள் சுத்தி அதே ஜன்னல்ல. தண்ணி சூடாகி வர்ற குமிழியா ஒளிச்சேர்க்கை குமிழியான்னு பிரிக்க வேற வழி எனக்குத் தெரியல.

9 ஏப்ரல்

ஒண்ணுமில்ல.

11 ஏப்ரல்

ஒண்ணுமில்ல. பெருநாள் லீவு, பக்கத்து வீட்டு ரெண்டாங் தின்னுக்கிட்டே பாட்டிலப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நெறம் மட்டும் பழுப்புலேர்ந்து கொஞ்சம் பச்சைப் பக்கம் போற மாதிரி இருக்கு, இல்ல என் ஆசையா தெரியல.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். காலையில சாமி கும்புட்டுட்டு வந்து பார்த்தேன், ஜன்னல் பாட்டில்ல தோலோட ஓரத்துல நாலு குமிழி ஒட்டிக்கிட்டு நிக்குது, ஒண்ணு என் கண்ணு முன்னாலயே கழண்டு மேல போச்சு. தாள பிரிச்சு அடுத்த பாட்டிலப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல, திரும்ப சுத்தி வெச்சுட்டேன். அம்மாவ கூப்பிட்டுக் காட்டுனேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தாங்க. கோயில் படிக்கட்டுல நான் வழுக்கி விழுந்தது இதாலதானேன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.